முப்பத்தொன்பது வயது இளைஞர்

புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். நான் கையை உயர்த்தினால் அறுபது பேர் வேலை பார்க்கிற லைன் அப்படியே நிற்கும். என்னைவிட உயரமான மராத்திக்காரப் பையன்கள் ‘சேவியர் சர்’ என்று எழுந்து நிற்பார்கள். அதே நான் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனால் கோயில் வாசலிலேயே ஒரு குரல் பிடித்துக்கொள்ளும்.

“ஏல சேவியரு, மைக்கப் பாத்தியா? அந்த நாற்காலியள இழுத்துப் போடுல.”

கிறிஸ்டோபர் அண்ணாச்சியின் குரல். புனேயில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சபைக்கு அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவரோடு முழுசாகச் சண்டை போடவும் முடிவதில்லை. கல்யாணம் ஆகாத ஆண் எவனாக இருந்தாலும் இளைஞர் அணி என்பது அவருடைய சட்டம். எனக்கு முப்பத்தொன்பது வயது. மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறேன். முன்மண்டையில் முடி இல்லை. ஆனாலும் நான் இளைஞர்.

ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று எல்லாரும் ஏதோ பெரிய கதையை எதிர்பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை. பெண் பார்த்தோம். சில பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை, சில பேரை எனக்குப் பிடிக்கவில்லை, அப்படியே வருஷம் போய்விட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தம்கூட இல்லை. நாற்காலி தூக்குவதுதான் வருத்தம்.

அதிலும் பெரிய வியாழன் வந்தால் எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிடும். அன்றைக்கு மாலைப் பூசையில், இயேசு தன் சீடர்களுக்குக் கழுவியதுபோல, சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். எங்கள் சபையில் அந்தப் பன்னிரண்டு பேரும் குடும்பத் தலைவர்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்காருவார்கள். கட்கி ஃபாக்டரியில் வேலை பார்த்த என் அப்பா இருந்தவரைக்கும் வருஷம் தவறாமல் உட்கார்ந்தார். கழுவுகிற தண்ணீர் தரையில் சிந்தாமல் காலுக்குக் கீழே பேசினைப் பிடிக்கிற ஆள் நான். முதல் வருஷம் பச்சைத் தண்ணீர் பட்டு ஒரு கிழவர் துள்ளிவிட்டார். அதிலிருந்து வெந்நீர் கலந்து கொண்டுபோவதும் நான்தான். யாரும் கலக்கச் சொன்னதில்லை. கலந்தது யார் என்று கேட்டதும் இல்லை.

இந்த வருஷம் குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம், அண்ணாச்சி பன்னிரண்டு பேருடைய பெயரையும் வாசித்தார். எட்டாவது பெயர் நிர்மல்.

நிர்மல் என் சித்தி மகன். இருபத்தாறு வயது. போன வருஷம் இதே நாளில் என்னோடு பேசின் கழுவ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோந்த்வாவில் பிரியாணி தின்னப் போன ஆள். ஜனவரியில் கல்யாணம் ஆனது. ஒரு தாலி கட்டியதும் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். சபைக் கூட்டத்தில் “எனக்கு என்ன தோணுதுன்னா” என்று ஆரம்பிக்கிறான், எல்லாரும் கேட்கிறார்கள்.

என்னால் அடக்க முடியவில்லை. எழுந்தே விட்டேன்.

“அண்ணாச்சி, எம் பேரு?”

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஒம் பேரா? நீ உக்காந்தா தண்ணி யாருல புடிக்க?”

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து யாரோ, “ஒரு பொண்ணப் பாரு சேவியரு, அடுத்த வருசம் நாற்காலி ரெடி” என்றார்கள். இன்னும் சிரிப்பு.

“எனக்கு வயசு முப்பத்தொம்பது!” என்று கத்தினேன். கோயில் ஹாலில் அது எதிரொலித்தது. கத்தின பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது என்று. ‘நான் பெரிய பையன்’ என்று அழுகிற குழந்தையும் இதையேதான் சொல்லும். அந்த எரிச்சலோடு வண்டியை உதைத்து ஏரவாடாவில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா மரியம்மாளிடம் அன்றைக்கும் அடுத்த நாளும் புலம்பித் தீர்த்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். அவள் பட்டாணியை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் கம்பெனியில் மானேஜர் மாதவ் என்னைக் கூப்பிட்டார். நாசிக்கில் புது பிளான்ட் தொடங்குகிறார்கள். ஒரு ஷிஃப்டின் முழுப் பொறுப்பையும் எனக்குக் கொடுக்கிறார்களாம். அங்கேயே தங்க வேண்டும். ஈஸ்டருக்குள் பதில் வேண்டும் என்றார்.

“கர் மே பூச் கே பதாதா ஹூன், சர்” என்றேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று. யோசிக்காமல் வாயில் வந்த பதில் அது. மாதவ் என் வழுக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். எனக்கு ஏன் காது சுட்டது என்று அப்போது புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி தானாகவே வந்து என் தோளில் தட்டினார். “ஒம் பேரப் போட்டாச்சுல. வெள்ளச் சட்டை இருக்கா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தினால்தான் காரியம் நடக்கிறது, இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது என் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். எம்.ஜி. ரோட்டில் வெள்ளைச் சட்டை வாங்கினேன். ராத்திரி பக்கெட்டில் காலை ஊறவைத்துக் குதிகாலைக் கல்லால் தேய்த்தேன். சாமியார் முத்தமிடுகிற கால் இல்லையா? அம்மா கதவோரம் நின்று பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு திருப்தி இருந்தது. எனக்காகச் சந்தோஷப்படுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை, கோயிலுக்கு வாங்கிய பூவைக் கொடுக்க அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இல்லை. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா காபி கொடுத்தார்கள்.

“ஒங்க அம்மாவுக்கு ரொம்பப் பெரிய மனசு தம்பி” என்றார்கள். “வேற பொம்பளையா இருந்தா விட்டுக் குடுத்திருப்பாளா?”

“எத விட்டுக் குடுத்தாங்க?”

“தெரியாதா ஒனக்கு? புது ஃபாதர் பட்டியலப் பாத்துட்டு இந்த வருசம் பொம்பளையளையும் சேக்கணும்னு சொல்லிட்டாவ. புருசன் இல்லாத வீட்டுல அவங்கதான குடும்பத் தலைவி. நாலு ஆம்பளைய பேர எடுத்துட்டு நாலு பொம்பளைய பேரு சேத்தாவ. ஒங்க அம்மா பேருதான் மொதல்ல. அவங்க வந்து, ‘எனக்கு வேண்டாம், எம் மவன் சாப்பிடாம மொகத்தத் தூக்கி வச்சிருக்கான், அவனப் போடுங்க’ன்னுட்டாவ.”

ஆக, நான் கத்தியதால் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை அழுகிறதே என்று அம்மா தன் தட்டில் இருந்த மிட்டாயை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை வாங்கிக்கொண்டு நான் புதுச் சட்டை எடுத்திருக்கிறேன். அவமானத்தில் எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். “எம்மா, ஏன் இப்படிச் செஞ்ச?”

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. “அந்த ஸ்டெல்லா வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாளா” என்றாள்.

“நா என்ன சின்னப்பிள்ளையா? எனக்காக நீ போயி சிபாரிசு பண்ணுத. ஊரே சிரிக்கும்.”

“நீ சோத்தத் தள்ளி வச்சா நா என்னல செய்ய?” அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “எனக்கு அந்த நாற்காலியெல்லாம் எதுக்கு? காலப் பாரு.” சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்தாள். குதிகால் முழுக்க வெடிப்பு. சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. வானவடியில் மிலிட்டரிக்காரர்கள் வீடுகளில் அவள் பாத்திரம் தேய்த்த ஈரம் அந்தக் காலில் இருந்தது. “இத போயி ஃபாதர் மொகத்துக்கு முன்னால நீட்டவா? ஒங்க அப்பா உக்காந்த எடத்துல நீ உக்காந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். தப்பா?”

எனக்கு இன்னும் கோபம் வந்தது. பேச்சை மாற்ற, பாக்கி இருந்த இன்னொரு எரிச்சலையும் அவள் மேல் கொட்டினேன். “நாசிக் வேலைக்கு என்ன சொல்லணும்னு கேட்டு நாலு நாளாச்சு. அதுக்கும் நீ வாயத் தொறக்க மாட்டேங்க.”

அம்மா சேலையை இறக்கிவிட்டாள்.

“எங்கிட்ட எதுக்குல கேக்க?” என்றாள். “ஒனக்குத்தான் முப்பத்தொம்பது வயசாச்சே.”

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்தது. அண்ணாச்சி என்னைச் சின்னப்பையன் என்கிறார் என்று ஊரைக் கூட்டினேனே, மாதவ் முன்னால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றது யார்? அண்ணாச்சியா? செருப்பு காலில்தான் இருந்தது, அப்படியே திரும்பி வெளியே நடந்தேன்.

முனையில் இருந்த வடா பாவ் கடையருகே நின்று மாதவுக்கு ஃபோன் செய்தேன். பிறகு அண்ணாச்சிக்கு.

“எங்கம்மா பேரையே திரும்பப் போடுங்க அண்ணாச்சி.”

“என்னல, தாயும் மவனும் சேந்து வெளையாடுதியளா?” என்று சீறினார். “நா பேரெல்லாம் அச்சடிக்கக் குடுத்துட்டேன். நாளைக்குப் பூசை. அப்ப தண்ணி யாரு புடிக்க?”

“நாந்தான்.”

“இதுக்குத்தான் அன்னைக்கு அந்தக் கத்து கத்தினியா?”

“இந்த வருசம் மட்டும்” என்றேன். “அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்கோங்க. நா இளைஞர் அணியில இருந்து வெலகிட்டேன்.”

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

அம்மாவைச் சம்மதிக்கவைப்பது நாசிக்கைவிடக் கஷ்டமாக இருந்தது. நீ உட்காராவிட்டால் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கும், நானும் உட்காரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். திட்டினாள். அழுதாள். ஒரு வழியாக வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சேலை உடுத்தி வண்டியில் ஏறினாள். காலுக்கு சாக்ஸ் போட்டிருந்தாள். ஏப்ரல் மாதத்துப் புனே வெயிலில் சாக்ஸ்!

பூசையில் சாமியார் முழங்கால் போட்டு ஒவ்வொரு பாதமாகக் கழுவிக்கொண்டு வந்தார். பேசினோடு நான் பக்கத்தில் நகர்ந்தேன். நிர்மல் காலை நீட்டும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தப் பேசினை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கோயில் என்பதால் விட்டேன்.

அம்மா முறை வந்தது. அவள் கால்களை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். சாக்ஸைக் கழற்றவில்லை. சாமியார் காத்திருந்தார். பாட்டுக்காரர்கள் பாடிய வரியையே திரும்பப் பாடினார்கள். முன்வரிசையில் அண்ணாச்சி நெளிந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்று ஆட்டினாள்.

நான் பேசினைத் தரையில் வைத்தேன். அவள் முன்னால் உட்கார்ந்து, வலது காலைப் பிடித்து வெளியே இழுத்து, சாக்ஸை உருவினேன்.

“சொன்னா கேக்கியா நீ” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். “பச்சத் தண்ணி பட்டா வெடிப்புல எரியும்ல.”

“வெந்நி கலந்திருக்கேன்மா.”

காலின் இறுக்கம் தளர்ந்தது. நான் பேசினை மறுபடி எடுத்துப் பிடிக்க, சாமியார் தண்ணீர் ஊற்றினார். வெடிப்புகளில் இறங்கி, சுண்டுவிரலைச் சுற்றி, என் கையில் இருந்த பேசினில் விழுந்தது. அவர் துடைத்துவிட்டுக் குனிந்து முத்தமிட்டார். அம்மா மேலே சிலுவையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தன் காலையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் என் முறை எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, எங்கள் வீட்டில் முறையே வராத ஒருத்தி இருக்கிறாள் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் குரல் பிடித்துக்கொண்டது.

“ஏல சேவியரு, நாற்காலியள எடுத்து ஹால்ல அடுக்கிரு.”

“நிர்மல கூப்பிடுங்க அண்ணாச்சி. அம்மாவ வீட்டுல விடணும்.”

நான் வண்டியை எடுத்தேன்.

பண்ட் கார்டன் பாலத்தில் ஏறும்போது அம்மா முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்டாள். “நாசிக்குக்கு என்னல சொன்ன?”

“வருதேன்னு சொல்லிட்டேன். ஜூன்ல சேரணும்.”

“எப்பச் சொன்ன?”

“நேத்து.”

டிராஃபிக்கில் நின்றோம்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கவேயில்லையேல” என்றாள்.

நீதானே கேட்க வேண்டாம் என்று சொன்னாய் என்று கத்த வாய்வரை வந்தது. கத்தவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் என் தோளில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.