முந்நூற்று எழுபத்து நான்கு ஓட்டுநர்கள்

போர்ட் கிள்ளானில் கொள்கலன் இழுக்கும் லோரி கம்பெனி ஒன்றில் சீதாலெட்சுமி பத்தொன்பது வருடமாகக் கிராணியாக எழுத்தர் வேலை பார்த்தாள். எந்த லோரி எந்தக் கிடங்குக்குப் போகிறது, எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சலைத் திறந்தபோது, ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் டாக்டர் சீதாலெட்சுமி அவர்களுக்கு’ என்று தொடங்கும் கடிதம் ஒன்று வந்திருந்தது. சரக்குப் போக்குவரத்து பற்றிய ஓர் ஆய்விதழ் அவளை மதிப்பாய்வாளராக அழைத்திருந்தது. ஒரு கட்டுரையை அச்சாவதற்கு முன் படித்துப் பார்த்து, அது வெளியிடத் தகுந்ததா என்று அவள் சொல்ல வேண்டும்.

ஆள் மாறிப் போய்விட்டது, நான் ஐந்தாம் படிவம் வரை பள்ளியில் படித்த கிராணி என்று அவள் உடனே பதில் எழுதினாள். இரண்டு நிமிடத்தில், அழைப்பை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி என்று வந்தது. கூடவே ஓர் இணைப்பு. திறந்தால் இரண்டே பொத்தான்கள். ஒன்றில் ‘ஏற்கிறேன்’ என்று இருந்தது. மற்றதில் ‘பிறகு ஏற்கிறேன்’.

நான்கு நாள் நினைவூட்டல்கள் வந்தபடி இருந்தன. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், இந்தத் தொல்லை தீரட்டும் என்று முதல் பொத்தானை அழுத்தினாள். அடுத்து ஆய்வு நெறிமுறைப் படிவம் வந்தது. இந்தக் கட்டுரையோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லக் கட்டுரையைத் திறந்து பார்த்தாள். கட்டுரை அவளுடைய கம்பெனியைப் பற்றியது. பெயரே போட்டிருந்தது. உண்டு, நான் இந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன் என்று எழுதினாள். உங்கள் துறை அறிவு உறுதி செய்யப்பட்டது, நன்றி என்று திரையில் வந்தது.

கட்டுரையை எழுதியவர் கமலநாதன், காஜாங் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் விரிவுரையாளர். கம்பெனியின் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்ததாக எழுதியிருந்தார். அவர்களில் ஐம்பத்திரண்டு சதவீதம் பெண்கள். தொண்ணூற்றாறு சதவீதம் பேர் வேலையில் மிகுந்த மனநிறைவோடு இருந்தார்கள்.

சீதாலெட்சுமி சன்னலைத் திறந்து, லோரிகள் நிற்கும் யார்டைப் பார்த்தாள். ஓட்டுநர் விஜயன் டயரைக் கம்பியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விஜயன், ஒங்கிட்ட யாராச்சும் வந்து, வேலையில மனநெறைவா இருக்கீங்களான்னு கேட்டாங்களா?”

“என்னாக்கா, சாப்பாட்டு நேரத்துல பகடி பண்றீங்க.”

“யாருமே கேக்கலையா?”

“எம் பொண்டாட்டியே கேட்டதில்ல லா.”

கம்பெனியில் இருந்தவர்கள் முப்பத்தெட்டு ஓட்டுநர்கள். பெண் ஒருவரும் இல்லை. சீதாலெட்சுமி தன் கருத்தை எழுதினாள்: ‘எங்களிடம் முப்பத்தெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். மீதி முந்நூற்று எழுபத்து நான்கு பேர் யார்? அவர்களைத் தயவுசெய்து அனுப்பி வைக்கவும். ஆள் பற்றாக்குறையால் ஆறு லோரிகள் யார்டிலேயே நிற்கின்றன.’

இதை அவள் கோபமாகவும் எழுதவில்லை, கேலியாகவும் எழுதவில்லை. முதலாளி இராமலிங்கம் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு அப்படித்தான் எழுதச் சொன்னார்.

“முந்நூத்தி எழுபத்தி நாலு பேரா? பொம்பளைங்களா இருந்தாலும் பரவால்ல சீதா. லைசென்ஸ் இருக்கான்னு மட்டும் கேளு.”

“பாஸ், அப்படி யாரும் இல்ல. இவரு சும்மா எழுதியிருக்காரு.”

“படிச்சவரு சும்மா எழுதுவாரா?”

மூன்று வாரம் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. மதிப்பாய்வாளரின் ஆழ்ந்த கருத்துக்கு நன்றி என்று கமலநாதன் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்த இடத்திலெல்லாம் முப்பத்தெட்டு என்று மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சீதாலெட்சுமி கணக்குப் பொறியைத் தட்டினாள். முப்பத்தெட்டில் ஐம்பத்திரண்டு சதவீதம், பத்தொன்பது புள்ளி ஏழு ஆறு. ‘பத்தொன்பது முழுப் பெண்களும், முக்கால் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒருவரும் இங்கே லோரி ஓட்டுவதாக வருகிறது. நான் பார்த்ததில்லை. வெளியிட வேண்டாம்’ என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் கட்டுரை வெளியாகிவிட்டது. சிறந்த மதிப்பாய்வாளர் என்ற சான்றிதழ் அவளுக்கு வந்தது. கட்டுரையின் அடியில், இதைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தவர் பேராசிரியர் சீதாலெட்சுமி என்று போட்டிருந்தது.

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆயுசில் ஒரு நாளும் அவள் பொய்க் கையெழுத்து போட்டதில்லை. பெயரை எடுக்கச் சொல்லி இரண்டு வாரம் எழுதியும் நன்றி என்றுதான் பதில் வந்தது. ஆய்விதழின் முகவரி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று இருந்தது. சனிக்கிழமை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு கொமுட்டர் ரயில் ஏறினாள்.

பூக்கடைக்கும் நகை அடகுக்கடைக்கும் நடுவே ஏறிய படிக்கட்டில் மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே ஒருவர் காகிதக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

“நீங்க... யார்டுல இருக்கிற அக்காதானே?”

கமலநாதன்தான். ஒரு வருடத்துக்கு முன்பு அனுமதிக் கடிதம் வாங்க அவர் யார்டுக்கு வந்ததும், முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“சார், என் பேரு எப்படி இவங்களுக்குத் தெரியும்?”

“நான்தான் குடுத்தேன். மதிப்பாய்வாளர் ரெண்டு பேரை நீங்களே சொல்லுங்கன்னு கேட்டாங்க. ஒங்க மெயில்தான் கையில இருந்துச்சி. முன்னால டாக்டர்னு போட்டேன்.” குரல் தாழ்ந்தது. “பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. நீங்க படிப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. யாரும் படிக்க மாட்டாங்க.”

“அப்ப கேள்வித்தாள்?”

“பதவி உயர்வுக்கு வருஷ முடிவுக்குள்ள ஒரு கட்டுரை வேணும். கேள்வித்தாளோட மூணு தடவ வந்தேன். மூணு தடவையும் லோரிங்க வெளிய போயிருந்திச்சி.” அவர் கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு அவர் எழுதிய ஐந்து கடிதங்கள் இருந்தன. “அந்த முக்கால் பொம்பளையப் பத்தி நீங்க எழுதினதப் படிச்சப்புறம் முடியலக்கா. வேணாம்னு எழுதினேன். விட மாட்டேங்கிறாங்க.”

அவர் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. ஐந்து கடிதங்களைப் பார்த்ததும் அது பாதியாகக் குறைந்தது. கதவை அவளே தட்டினாள்.

உள்ளே ஒரே ஓர் அறை. ரிஸ்வானா என்ற பெண் தனியாக உட்கார்ந்து சான்றிதழ்களை அச்சடித்துக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து எட்டு மாதம் ஆகிறதாம். கோழி வளர்ப்பு முதல் பல் மருத்துவம் வரை பதினான்கு ஆய்விதழ்களை அவள் ஒருத்தியே கவனித்தாள். வந்தவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

“கட்டுரையை நீக்கணும்னா முதன்மை ஆசிரியர் கையெழுத்து வேணும் மேடம். நான் வெறும் டிசைனர்.”

“அவரு எங்க?”

“முன்னாடி இருந்த சார் இறந்துட்டாருங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. போன மாசம்தான் அவரு பொண்ணு மெயில் போட்டாங்க. அதுவரைக்கும் அவரு கையெழுத்துதான் ஓடிட்டு இருந்துச்சு.”

“இப்ப யாரு?”

ரிஸ்வானா கணினியில் தேடினாள். திரையைப் பார்த்தாள், சீதாலெட்சுமியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

“நீங்கதான் மேடம். சிறந்த மதிப்பாய்வாளருக்கு அழைப்புப் போகும். ஏழு நாள்ல மறுக்கலைன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். போன திங்கட்கிழமையிலிருந்து நீங்கதான்.”

கமலநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீதாலெட்சுமி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

நீக்கத்துக்கென்று படிவம் எதுவும் கிடையாது. யாரும் இதுவரை கேட்டதில்லை. ரிஸ்வானா ஒன்றைப் புதிதாகச் செய்தாள். காரணம் என்ற இடத்தில், ‘இந்தக் கட்டுரையில் வரும் ஓட்டுநர்கள் இல்லை. இருக்கும் ஓட்டுநர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுதியவரே ஒப்புக்கொண்டார்’ என்று சீதாலெட்சுமி எழுதினாள். கமலநாதன் அதன் கீழ் கையெழுத்திட்டார். பிறகு மூவரும் கீழே இறங்கிப் போய்த் தேநீர் குடித்தார்கள்.

கமலநாதனுக்கு அந்த வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காகக் கல்லூரி அவரைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிட்டதே என்று மட்டும் வருத்தப்பட்டது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு சீதாலெட்சுமி இன்னும் பதினோரு நாள் முதன்மை ஆசிரியராக இருந்தாள். பதவி தானாக வந்ததுதான் என்றாலும் இருக்கிறவரை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் வந்த கட்டுரைகளைப் படித்து இருபத்துமூன்றைத் திருப்பி அனுப்பினாள். இரண்டில் ஒரே அட்டவணை இருந்தது. ஊர் மட்டும் வேறு. ஒரு கட்டுரை மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. கனரக லோரியின் பின் டயர்கள் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கின்றன என்று ஷாமினி என்ற மாணவி எழுதியது. அதை விஜயனிடம் படித்துக் காட்டினாள்.

“இந்தப் பிள்ளை லோரிக்கு அடியில படுத்துப் பார்த்திருக்கு அக்கா,” என்றார் விஜயன். “ஆறாம் பக்கத்துல மட்டும் தப்பு. பாரம் ஏத்தினா காத்து அவ்வளவு கொறையாது.”

அதை அப்படியே எழுதி ஷாமினிக்கு அனுப்பினாள். மறுநாள் அவளைப் பதவியிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. தகுதியில்லாதவரிடம் கட்டுரையைக் காட்டி நெறிமுறையை மீறிவிட்டாள் என்று நெறிமுறைக் குழு முடிவு செய்திருந்தது. சீதாலெட்சுமி ரிஸ்வானாவுக்குப் போன் செய்தாள்.

“குழுவுல யார் யாரு இருக்காங்கம்மா?”

“யாரும் இல்லக்கா. முப்பது நாளைக்குள்ள இருபது கட்டுரைக்கு மேல திருப்பினா அந்தக் கடிதம் தானா போயிடும். காரணம் எல்லாருக்கும் அதேதான். நானும் வேற எடத்துல வேலை தேடிட்டு இருக்கேன்.”

ஷாமினிக்கு சீதாலெட்சுமி இன்னொரு கடிதம் எழுதினாள். கட்டுரை நன்றாக இருக்கிறது, இவர்களிடம் கொடுக்காதே, படித்துப் பார்க்கிறவர்களிடம் கொடு என்று.

ஏழு மாதம் கழித்து, உருப்படியான ஓர் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வந்தது. ஆறாம் பக்கம் திருத்தப்பட்டிருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் வரியில் லோரி ஓட்டுநர் விஜயன் என்று இருந்தது. அவள் அதை அச்சடித்து யார்டுக்கு எடுத்துப் போனாள்.

விஜயன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“அக்கா, இங்கிலீஷ்ல என் பேர்ல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு.”

“சின்னத் தப்புதானே.”

“தப்பு தப்புதானே அக்கா. வெளியில போயிடுச்சி பாருங்க.”

சீதாலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு என்று தட்டத் தொடங்கினாள்.