தொண்ணூற்றொன்பதாம் வருடத்து ஆர்டர்கள்

"மாப்பிள்ளை பாக்க லட்சணமா இருக்கான் அண்ணி. ஆனா வாயத் தொறந்தா அது வேணும் இது வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். முனிவர் எல்லாம் செய்வாரு, ஒவ்வொண்ணா நாம தட்டிக் கேட்டாத்தான் கண்ணையே தொறப்பாரு. கழுதை அழகில்ல. ஆனா சுமக்குது."

"எவ்வளவு சுமக்கும்?"

"நீங்க ஏத்துற வரைக்கும்."

நாத்தனார் எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் கழுதையின் கட்டத்துக்குள் ஒரு சரி போட்டாள். மாப்பிள்ளை, முனிவர், கழுதை மூன்றும் சாப்ட்வேர்கள். பேர் வைத்தவள் அவள்தான். பகல் முழுக்க வேறொரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், அண்ணிக்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த அண்ணிதான் கடைக்காரி; அவளும் தாளைப் பார்த்தாள். டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் கடை. மூன்று சுவரிலும் கூரை வரை அட்டைப்பெட்டி. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வேண்டிய சாமான்கள்: யூரின் பை, மூக்கு வழியாகச் சாப்பாடு போகிற குழாய், டயப்பர், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. வாங்க யாரும் படியேறி வர மாட்டார்கள். போனில் கடையைத் திறந்து ஒரு தடவை பதிந்துவிட்டால், மாதாமாதம் அந்தத் தேதிக்குப் பெட்டி வீட்டுக்குப் போய்விடும். ஒன்பது வருடமாக அப்படித்தான். இப்போது கடைக்கு இடம் கொடுத்திருந்த இணையக் கம்பெனி, இந்த மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்று கடிதம் போட்டுவிட்டது.

"வாடகை வீட்டை இடிக்கப்போறான், அவ்வளவுதான்," என்று நாத்தனார் அன்றைக்கே சொன்னாள். "இனிமே சொந்த வீடு. நம்ம சர்வர், நம்ம சாப்ட்வேர். யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது."

மூலையில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த மனுஷர் தலையைத் தூக்கினார். அவருக்கும் டேப் என்றுதான் பெயர்.

"கழுதைங்கறீங்களே, உதைக்காதா?"

"உதைச்சா வாங்கிக்கணும் டேப். சொந்தக் கழுதை. போன் போட்டுத் திட்டறதுக்கு இனிமே ஆள் கிடையாது."

"அப்போ யாரைத் திட்டறது?"

"கண்ணாடி இருக்குல்ல."

கடைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கவலை அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைப் பற்றியது. பெட்டி தேதி தவறாமல் போகுமா, ஒரே வீட்டில் இரண்டு நோயாளி இருந்தால் குழம்புமா என்றெல்லாம் தாளில் இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் என்ன ஆவார்கள் என்பது இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அது இப்படி ஆரம்பித்தது. ஒரு வீட்டிலிருந்து போன் வரும். "இனிமே அனுப்ப வேண்டாங்க," என்பார்கள். அதற்கு மேல் அவள் கேட்க மாட்டாள். பழைய கம்பெனியில் அதற்கு இரண்டு வழிதான். அழித்தால் எல்லாம் போய்விடும், 'இடது இடுப்பில் புண், மெதுவாகப் பிரிகிற பிளாஸ்திரி மட்டும்' என்று எழுதி வைத்த குறிப்பு உட்பட. ஒரு மனிதன் பூமியில் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் தன்னிடம் சாட்சி என்று அவளுக்குத் தோன்றும்; கை வராது. அழிக்காமல் நிறுத்தி வைத்தால், முப்பதாம் நாள் அதுவே ஒரு கடிதம் போடும்: 'உங்களைக் காணோமே, மறுபடி தொடங்கலாமா?' ஒரு வீட்டுக்கு அப்படிப் போய், அவர்கள் பேசின பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அதனால் அவள் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தாள். அடுத்த பெட்டி போகிற தேதியை இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருடம் டிசம்பர் முப்பத்தொன்று என்று தள்ளி வைத்துவிடுவாள். அதுவரைக்கும் யாரும் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அந்தப் பட்டியலில் அவள் புருஷனும் இருந்தான். கடையை ஆரம்பித்தவனே அவன்தான். பக்கவாதம் வந்து பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது, சரக்குக் கணக்கு தப்பக்கூடாது என்று அவன் பேரிலும் ஆர்டர் போட்டே எடுத்தாள். பிறகு ஒரு நாள் அவன் தேதியையும் தள்ளிவிட்டாள். இரண்டு வருடமாகிறது. 'அவர் இல்லை' என்பாள், 'அவர் இருந்தப்போ' என்பாள். அந்த இன்னொரு வார்த்தையை அவள் வாய் இதுவரை சொன்னதில்லை.

நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்துவிடுவாளோ என்று பயமில்லை. சிரிக்காமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயம். அவளுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன்.

அதனால் கடைக்காரி வேறொரு தந்திரம் செய்தாள். "பொய்ப் பேரை வச்சுச் சோதிச்சா பொய்யாத்தான் பாஸாகும். நம்ம வீடுகளையே ஏத்திப் பாரு," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நாத்தனாரும் ஒத்துக்கொண்டாள். மாப்பிள்ளையில் ஏற்றினதும், அவள் டீ வாங்கப் போன நேரத்தில் கடைக்காரி திருட்டுத்தனமாகப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது அப்படியே இருந்தது. முனிவரிலும் இருந்தது. மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. கழுதை மட்டும் என்ன செய்துவிடப் போகிறது?

"மாச ஆர்டரையும் ஓட்டிப் பாத்துடலாமா? அதுதான் கடைசிப் பரீட்சை," என்றாள் நாத்தனார்.

"யாருக்கும் எதுவும் போயிடாதே?"

"ஈமெயில் கதவைச் சாத்திட்டேன். இது சோதனைக் கடை அண்ணி. பூட்டின வீட்டுக்குள்ள வேஷம் போட்டுப் பாக்கறோம், அவ்வளவுதான்." பட்டனைத் தட்டினாள். "நல்லாப் போகுது. அதுசரி, பழைய பட்டியல்ல தேதியெல்லாம் யாரு போட்டது? முன்னூத்திச் சொச்சம் தேதி தப்பு. ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு இருக்கு. கழுதையே கேட்டுச்சு பாவம், அஞ்சு வருஷத்துக்கு மேல போற தேதியை நான் ஏத்துக்க மாட்டேன், இன்னைக்குத் தேதியா மாத்தட்டுமான்னு."

கடைக்காரி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். எவனாவது தொண்ணூத்தொம்பதுல டயப்பர் வேணும்னு ஆர்டர் போடுவானா?"

அப்போது மேஜை டிராயருக்குள் ஒரு போன் டிங் என்றது.

அது புருஷனின் போன். பழைய வாடிக்கைக்காரர்கள் யாராவது அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள் என்று அவள் சார்ஜ் போட்டே வைத்திருப்பாள். டிராயரை இழுத்தாள். திரையில் அவன் பேரைச் சொல்லி ஒரு மெசேஜ் வந்திருந்தது.

'பொருள் கிளம்பிருச்சு. நாளைக்குக் காலையில வந்துரும். கதவைத் தொறந்து மட்டும் வைங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம். இப்படிக்கு, கடைக்காரர்.'

அவனே எழுதின வாசகம். எழுத்துத் தமிழில் வேண்டாம், நோயாளி வீட்டுக்கு மனுஷன் பேசுற மாதிரி போகட்டும் என்று சொல்லிச் சொல்லி எழுதினது. இத்தனை வருடமும் அதை யாரும் மாற்றவில்லை; கழுதையிலும் அதையே ஏற்றியிருந்தார்கள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். படித்தாள்.

"மெசேஜ்... நேத்து நம்ம ரெண்டு பேர் போனுக்கும் மெசேஜ் வருதான்னு பாக்க எஸ்.எம்.எஸ். லைனைச் சேத்தேன் அண்ணி. ஈமெயிலை மட்டுந்தான் சாத்தினேன். இதை மறந்துட்டேன்." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அண்ணன் பேருக்கு ஏன் வந்துச்சு? அந்த முன்னூத்திச் சொச்சம் யாரு?"

"நிறுத்தினவங்க."

"நிறுத்தினவங்கன்னா?"

கடைக்காரி பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் கடை போன் அடித்தது.

"யாருங்க இது?" ஒரு ஆண் குரல், கோபமே இல்லாமல். "எங்க அம்மா போய் ஏழு மாசம் ஆச்சுங்க. கிளம்பிருச்சுன்னு போட்டிருக்கீங்க. என்ன கிளம்பிருச்சு?"

"தப்பாப் போயிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க."

"சரி," என்றார். வைக்கவில்லை. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வைத்தார்.

டேப் இன்னொரு போனை எடுத்துவிட்டிருந்தார். "ஆமாங்க... இல்லைங்க... அது கம்ப்யூட்டர் பண்ணினதுங்க..." எதிர்முனையில் யாரோ சிரித்தார்கள் போல. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். நாத்தனார் சாப்ட்வேரை நிறுத்திவிட்டாள்; அதனால் பிரயோசனம் ஒன்றுமில்லை. விட்ட அம்பு போய்ச் சேர்ந்தாயிற்று.

நான்காவது போனில் ஒரு பெண்.

"நீங்கதானே கடைக்காரம்மா? எங்க அம்மா வாசக்கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. அப்பா கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாச்சு. உங்க மெசேஜைப் பாத்துத்தான்."

"அப்பா..."

"அப்பா போய் அஞ்சு மாசமாச்சு. அம்மாவுக்கு மறதி வியாதி. அப்பா எங்கன்னு தினமும் கேப்பாங்க. தினமும் நான் சொல்லணும். சொன்னா அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி அழுவாங்க. போன மாசந்தான் கேக்கறதை நிறுத்தினாங்க. இப்ப நான் போய் மறுபடி சொல்லணும்." குரல் உடையவில்லை, காய்ந்து போயிருந்தது. "நான் சொல்ல மாட்டேன். எங்க அப்பாவை நூறு தடவை கொன்னுட்டேன் நான். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க. போனைக் குடுக்கறேன்."

"அம்மா, கொஞ்சம் இருங்க..."

போன் கை மாறிவிட்டது.

"யாரு, கடையா?" வயசான குரல், சந்தோஷமாக. "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வரும்? நான் குளிக்கப் போகாம இருப்பேன்ல."

"அம்மா, நாளைக்கு வராதும்மா."

"நீ யாரு பேசறது? கடைக்காரர்ட்ட குடு. அவர்தான் எப்பவும் என்கிட்ட பேசுவாரு. வராதுன்னெல்லாம் அவர் சொல்ல மாட்டாரு."

கடைக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இறந்துட்டாரும்மா."

அறையில் டேப் கிழிகிற சத்தம் நின்றது.

"ஐயோ. எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகுதும்மா."

"நல்ல மனுஷன். கூட யாரு இருக்கா உனக்கு?"

"நாத்தனார் இருக்கா."

"நாத்தனாரா? நல்லாப் போச்சு போ," என்றாள் கிழவி. "எங்க வீட்டுக்காரருக்கு அவர்னா ரொம்பப் பிரியம். தூங்கறாருன்னு நினைக்கிறேன். எழுந்திரிச்சதும் சொல்றேன். பக்குவமாத்தான் சொல்லணும், தாங்க மாட்டாரு."

கடைக்காரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்படியே விட்டுவிடலாம். சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். இன்னொரு தேதி, இன்னும் எழுபது வருஷம் தள்ளி. ஆனால் நாளைக் காலையில் அந்த வாசல் திறந்திருக்கும். மகள் அங்கே நிற்பாள்.

"அம்மா, அவர்ட்ட சொல்ல முடியாதும்மா. அவரும் இறந்துட்டாரு. உங்க வீட்டுக்காரர். அஞ்சு மாசம் ஆச்சு. நான் தப்பா மெசேஜ் அனுப்பிட்டேன். கதவைச் சாத்திக்குங்கம்மா."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, தூரத்திலிருந்து வருகிற மாதிரி, "என்கிட்ட யாருமே சொல்லலையே," என்றாள் கிழவி.

அதற்குப் பிறகு கேட்டது பேச்சு இல்லை. மகள் போனை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மிஷின் ஓடி நின்றது.

"நான்தான் அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கணும்."

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"கழுதை வேண்டாம். தாள்லேர்ந்து அடிச்சுடறேன்."

"வேண்டாம், விடு. அது கேட்டுச்சே. மத்த ரெண்டும் பாத்துட்டுப் பேசாம இருந்துதுங்க, என்னை மாதிரி." கடைக்காரி கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆள் பேரு, விலாசமெல்லாம் வர்ற இடத்துல புதுசா ஒரு கட்டம் போட முடியுமா?"

"சொந்த சாப்ட்வேர்தானே. எத்தனை வேணா போடலாம். என்னன்னு போடட்டும்?"

"இறந்த தேதி."

நாத்தனார் தட்டினாள். கட்டம் வந்தது. பட்டியலில் முதல் ஆளே அவள் அண்ணன்தான். கடையை ஆரம்பித்த அன்றைக்குத் தன் பேரையே முதலில் பதிந்து பார்த்திருந்தான். கர்சர் அந்தக் கட்டத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் கை நகரவில்லை. கடைக்காரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, நாள், மாதம், வருடம் என்று ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"அடுத்தது?" என்று கேட்டாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அடுத்ததற்குத் தேதி இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. இனிமே வேண்டாம் என்று சொன்னவர்களிடம் அவள் எதையும் கேட்டு வைத்ததில்லை. இன்னும் முன்னூற்றுப் பதினோரு கட்டம் காலியாக நின்றது.

"அம்மா, லைன்ல ஒருத்தர் இருக்காரு," என்றார் டேப். "ரொம்பத் திட்டறாரு. நானே சமாளிக்கட்டுமா?"

"குடுங்க," என்று கையை நீட்டினாள். அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க," என்றாள். "தப்பு என்னோடதுதான். உங்களை ஒண்ணு கேக்கணும். அவங்க என்னைக்கு இறந்தாங்க?"