தனக்கோடி என்ற பெயரில்

…கொஞ்சம் போய் மறுபடியும் நின்றுவிட்டது, அதே இடம், ஸ்கிரீனில் அதே பச்சைக் கோடு, ரகுராம் கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினான், பிடுங்கினால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் ஓஸ்வால்ட் நிற்பது முதுகுக்கே தெரிகிறது… சின்ன மெயில் போகிறது, பெரிய ஃபைல் போகவில்லை, எப்படி? ஒரே வாசல், ஒரே வாட்ச்மேன், அந்த வாட்ச்மேனும் அவனே உட்கார வைத்தவன், மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய அசெம்பிள்ட் கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், அதன்மேல் காசு கொடுக்காமல் இறக்கிய ஃபயர்வால், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்தி விசாரிப்பது அதன் வேலை, நிறுத்தினால் நிறுத்தினேன் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், லாகில் அந்த வரியைக் காணோமே, எதையும் மறிக்கவில்லை என்று சாதிக்கிறதே… மூன்றாவது மாடியில் அமெரிக்க டாக்டர்களின் குரலை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்த ரிப்போர்ட்டுகள் மூட்டை கட்டிக் காத்திருக்கின்றன, அங்கே ஆஸ்பத்திரி விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும், நமக்கு அது சாயங்காலம், கம்பெனி பஸ் கிளம்பும் நேரம், இன்னொரு தடவை தாமதமானால் வேலையை மணிலாவுக்கு மாற்றிவிடுவோம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், மாற்றினால் மாடி முழுக்கக் காலி, அத்தனை பேரும் வேறு வேலை தேடிப் போக வேண்டியதுதான், அதற்குக் காரணம் யார் என்றால்… வேண்டாம், அந்தப் பக்கம் யோசிக்காதே, லாகைப் பார்.

கதவு திறந்தது. ஓஸ்வால்ட் கத்துகிற ஆள் இல்லை, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் சர்ச் குவயருக்குப் பாடிப் பழகிய குரல், கோபத்திலும் சுருதி தவறாது, அதுதான் கஷ்டம். "ஏன் மேன் ரகு, உலகமே நமக்கு சப்போர்ட்டுன்னு சொன்னியே, உலகம் என்ன, தூங்குதா?" அவ்வளவுதான், போய்விட்டார். சொன்னது வாஸ்தவம்தான், போன வருஷம் விலை கொடுத்து ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கலாம் என்று அவர் சொன்னபோது இவன்தான் மார்தட்டினான், எதுக்கு ஓஸ்வால்ட், இதுக்கு ஒரு மெயிலிங் லிஸ்ட் இருக்கு, போலந்துக்காரன் பிரேசில்காரன் எல்லாம் அதுல உக்காந்திருக்கான், ஒரு கேள்வி போட்டா பதில் கொட்டும், அந்த லிஸ்ட்டுல என் பேரைச் சொன்னாலே… ஆமாம், பேர். அதுதானே இப்போது தொண்டையில் நிற்கிறது. லிஸ்ட்டில் ரகுராம் என்றால் பதில் சொல்கிறவன், கேட்கிறவன் இல்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கமே எழுதி வைத்திருக்கிறான், மாதா மாதம் தானாகவே எல்லோருக்கும் போய்ச் சேரும், பழைய பதில்களைத் தேடிவிட்டு வா, எந்த வெர்ஷன் சொல், லாகை வெட்டாமல் ஒட்டு, கடைசியாக எதை மாற்றினாய் என்பதை மறைக்காதே, அவசரம் என்று தலைப்பில் கத்தாதே, உன் அவசரம் உன்னுடையது, எங்களுடையது அல்ல… என்ன ஜம்பம். வீட்டிலும் அதே பாட்டுத்தானே, மகள் சஹானா கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், புஸ்தகத்தைப் படிச்சியா முதல்ல? இப்போது அவள் கீழ் வீட்டு அங்கிளிடம் போய்க் கேட்கிறாள், மனைவி ருக்கு சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அந்தச் சிரிப்பு…

"சார், டீ." தூக்கிவாரிப் போட்டது. தனக்கோடி. ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஆபீஸுக்கே டீ ஊற்றுகிறவர், இந்தக் கட்டடத்தில் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள். மாடியில எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க சார், கல்யாண வீட்ல சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி, என்று சொல்லிவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். ரகுராம் அவர் முதுகைப் பார்த்தான். யாஹூவில் புதிதாக ஒரு மெயில் முகவரி திறந்தான், பெயர் கேட்டது, விரல்கள் தானாக அடித்தன, தனக்கோடி. இந்தப் பெயரைப் பார்த்து யாருக்கு ரகுராம் ஞாபகம் வரும்? திருட்டுத்தனம் என்று உள்ளே ஏதோ முணுமுணுத்தது, அதைக் குடித்துவிட்டான், டீயோடு சேர்த்து. லிஸ்ட்டுக்குக் கேள்வியைக் கடகடவென்று அடித்தான், பெரிய ஃபைல் மட்டும் போகவில்லை, சின்னது போகிறது, தயவுசெய்து உதவுங்கள், தலைப்பில் என்ன போட்டான் என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தான், அவசரம், மூன்று ஆச்சரியக்குறி, கடவுளே… கடைசியாக எதை மாற்றினான் என்பதைச் சொல்லவே இல்லை. காலையில்தான் பழைய லைனை எடுத்துவிட்டுப் புது பிராட்பேண்ட் லைனுக்கு மாற்றினான், சொன்னால் மாற்றியது யார், சோதித்துப் பார்த்தாயா என்று கேட்பார்கள், பார்க்கவில்லை, ஒரு வெப் பக்கம் திறந்தது, அது போதும் என்று டிபன் சாப்பிடப் போய்விட்டான்.

முதல் பதில் வந்தது. போலந்துக்காரன். ஒரே வரி, முதலில் இதைப் படித்துவிட்டு வாரும், ரகுராம் என்பவர் எழுதியது, உம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. கீழே லிங்க். சூடு காதுவரை ஏறியது, சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா, தன் கையால் தனக்கே அறை… சரி, தேடு, பழைய பதில்களைத் தேடு, நீதானே சொன்னாய். தேடினான். வந்தவற்றில் முதலில் நின்றது அவனுடைய பதில்தான், ஆனால் இதற்கு இல்லை, வேறொன்றுக்கு, வேண்டாம் என்று கண்ணை மூடுவதற்குள் படித்துவிட்டான். நீலக்குடை என்ற பெயரில் யாரோ ஒருத்தி கேட்டிருந்தாள், ஃபயர்வால் கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கிறது, எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அசட்டுக் கேள்விதான், இன்றைக்குக் கேட்டாலும் அசட்டுக் கேள்விதான், ஆனால் பதில்… உள்ளே எது வெளியே எது என்று தெரியாதவர் பூட்டு வாங்கக் கூடாது, முதலில் வீடு எங்கே என்று கண்டுபிடியும். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் சிரிப்புக்குறிகள். அவன் அன்றைக்கு அதைத் திரும்பத் திரும்பப் படித்து ரசித்தான்.

நீலக்குடை உஷாதான். அப்போது அவன் பிரிவிலேயே புதிதாகச் சேர்ந்திருந்தாள், நடுவில் ஒரு மரத் தடுப்பு, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன், கையை நீட்டித் தட்டினால் கேட்கும் தூரம், ஆனாலும் அவள் உலகம் முழுக்கச் சுற்றி லிஸ்ட்டில் போய்க் கேட்டாள், ஏன் என்றால் ஒரு தடவை அவனிடமே கேட்டு, புஸ்தகத்தைப் படிச்சியா முதல்ல என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். அந்த வாரமே ஓஸ்வால்டிடம் போய், நெட்வொர்க் எனக்கு ஒத்துவரலை சார், மேல ப்ரூஃப் பாக்கிற வேலைக்கு மாத்திடுங்க, என்றாள், காரணம் கேட்டதற்கு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள், பொய் சொல்லத் தெரியாதவள். ஓஸ்வால்ட் இவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "பேர் போடாம எழுதினா அது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும், ஓஸ்வால்ட்?" அவரும் அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டு, உஷாவை மாடிக்கு மாற்றிவிட்டார். மாடிப்படியில் எதிரே வந்தால் உஷா இன்றைக்கும் ரகு சார் என்று ஒதுங்கி வழிவிடுகிறாள், வழிவிடுகிற அந்த ஒரு வினாடி அவன் எப்போதும் செல்போனைப் பார்ப்பான்.

புது மெயில். லிஸ்ட்டில் இல்லை, தனியாக, தனக்கோடிக்கு மட்டும். அனுப்பியது நீலக்குடை. நாற்காலி பின்னால் உருண்டது. அவள் இன்னும் லிஸ்ட்டில் இருக்கிறாளா? எழுத்து நிதானமாக இருந்தது, பதறாதீர்கள் மிஸ்டர் தனக்கோடி, இது எல்லோருக்கும் வருவது, புது லைனுக்கு மாறினீர்கள் என்றால் அதில் பழைய லைனைவிடக் கொஞ்சம் சிறிய பொட்டலங்கள்தான் நுழையும், பெரிதாக அனுப்பினால், இது பெரிசு, சின்னதாக வெட்டி அனுப்பு, என்று வழியிலிருந்து ஒரு தகவல் திரும்பி வரும், அந்த மாதிரித் தகவல் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அடைத்திருந்தால் லாகிலும் தெரியாது… ரகுராம் பார்த்தான். அடைத்துத்தான் வைத்திருந்தான். வெளியிலிருந்து எவனும் தட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளே ஒரு வரி போட்டு, சத்தம் காட்டாமல் தூக்கி எறி என்று அதற்கு உத்தரவும் கொடுத்து, அந்த வரியைப் பற்றி லிஸ்ட்டில் பெருமையும் அடித்திருக்கிறான். வரியை எடுத்தான். அவள் சொன்னபடி பொட்டலத்தின் அளவைக் குறைக்கும் வரியைச் சேர்த்தான். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்ற இடத்தைத் தாண்டியது, ஓடியது.

ஓஸ்வால்ட் வந்து தோளில் தட்டினார், உலகம் முழிச்சுக்கிச்சு போல, என்றார். ரகுராம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ கை தட்டினார்கள், சில்க் போர்டு டிராஃபிக் ஜாமுக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் படியிறங்கிக்கொண்டிருந்தது… தப்பித்தோம். யாருக்கும் தெரியாது. நன்றி எழுத வேண்டும், தனக்கோடி சார்பில் ஒரு நன்றி, அத்தோடு அந்த முகவரியை அழித்துவிடலாம். மெயிலை மறுபடி திறந்து கீழே போனான், அவசரத்தில் கடைசி இரண்டு வரிகளைப் படிக்காமலே விட்டிருந்தான். நீங்கள் சரிசெய்து முடிக்கும்வரை யாரும் எதையும் அனுப்ப வேண்டாம் என்று மாடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சரியானதும் லிஸ்ட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்துக் கேட்பவருக்கு உதவும்.

மாடியில். எல்லோரிடமும்… அவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தும் தனக்கோடி என்றே கூப்பிட்டு, தெரிந்தும் லிஸ்ட்டில் போடாமல் தனியாக… எப்படி? கேள்வி முழுதாக எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. என்ன பெயரில் எழுதினால் என்ன, ஒவ்வொரு மெயிலின் தலையிலும் யாரும் பார்க்காத சில வரிகள் இருக்கும், எந்த ஆபீஸ் லைனிலிருந்து கிளம்பியது என்ற எண் அதில் நிற்கும், தபால் முத்திரை மாதிரி, தன் மெயிலின் தலையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும், அவள் ஒப்பிட்டிருக்கிறாள். இதை மறந்தவன் யார், ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன்… லிஸ்ட்டுக்கு எழுதும் பக்கத்தைத் திறந்தான், சரியாகிவிட்டது, காரணம் இது, எழுதிவிட்டான், அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது, எந்தப் பெயர்? ரகுராம் என்று போட்டால் போதுமா, போட்டால் எல்லாம் சொன்னதாகுமா? அவளுக்கு இப்போது அதுவும் தெரிந்திருக்குமே, அந்த வரிகளைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, அன்றைக்கு இவனும் பார்த்திருப்பான் என்று… பார்த்தான். நீலக்குடையின் கேள்வி வந்த அன்று, ஒரு வார்த்தை அடிப்பதற்கு முன்னால், அவன் திறந்து பார்த்தது அந்த வரிகளைத்தான். இந்த ஆபீஸின் எண். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உஷாவின் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது எப்போது நிற்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டேதான் அவன் அந்தப் பதிலை அனுப்பினான்.