காரில் சாப்பிட்ட சம்மந்தி

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடியில் பிரகதீஸ்வரியின் எடை 93 கிலோ 400 கிராம் இருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. சர்க்கரை வந்து பதினான்கு வருடம், ரத்த அழுத்தம் வந்து ஒன்பது. கர்ப்பப்பையை எடுத்த பழைய தழும்பின் வழியாகக் குடல் வெளியே தள்ளி, தொப்புளுக்குக் கீழே ஒரு தேங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. இரண்டு வருடமாக அதன் மேல் பெல்ட் கட்டி, அதற்கு மேல் புடவை கட்டி வந்தார்.

"எண்பத்தாறுக்கு வாங்க. மூணு மாசச் சர்க்கரை இப்ப ஒன்பதரைக்கு மேல இருக்கு, எட்டுக்குக் கீழ வரணும். அதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணா தையல் நிக்காது" என்றார் அறுவை மருத்துவர்.

"இப்படியே விட்டுட்டா என்னங்க டாக்டர்?"

"என்னைக்காவது குடல் மாட்டிக்கும். அப்ப எடையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. அன்னைக்கே கிழிச்சாகணும். அந்த நிலைமைக்குப் போக வேணாம்." மறுபடி எடை பார்க்க வர வேண்டிய நாள் டிசம்பர் 18 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

உணவு ஆலோசகர் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. கூத்தாநல்லூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆஷிகா, இருபத்தாறு வயதுப் பெண், கேள்விகளை ஒரு படிவத்திலிருந்து வாசித்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை சோறும்மா?"

"ரெண்டு வேளைதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் நாகநாதன் தொண்டையைச் செருமினார்.

"காலையில பழைய சோறு" என்றார் பிரகதீஸ்வரி. "அதை நான் டிபன்ல சேர்த்துட்டேன்."

வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே நாகநாதன் கும்பகோணம் போய்ப் பத்து கிலோ மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்கி வந்தார். சர்க்கரைக்கு அதுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான்கு வாரம் கழித்து எடை பார்த்தபோது குறைந்திருந்தது முந்நூறு கிராம்.

"மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசிதாம்மா. ஆனா அதுவும் அரிசிதான்" என்றாள் ஆஷிகா. "எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"முன்ன சாப்பிட்டதைவிட ஒரு கரண்டி கூட. நல்லதுன்னு சொன்னாங்களே."

ஆஷிகா சிரிக்காமல், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் கப்பை எடுத்துக் கொடுத்தாள். மதியம் அதில் ஒரு கப் சோறு, தலை தட்டி. அதற்கு முன்னால் காய் அல்லது கீரை, தட்டில் பாதி. ராத்திரி இரண்டு தோசை. மதியமும் இன்சுலின் உண்டு, சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால். "ஊசி போட்டுட்டா சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. பையில எப்பவும் சர்க்கரை இருக்கணும். மயக்கம் மாதிரி வந்தா யோசிக்காம வாயில போடுங்க."

வலங்கைமான் பக்கம் அவர்களுக்கு ஆறு ஏக்கர் நிலம். "ஆறு ஏக்கர் நட்டுட்டு கப்புல அளந்து சாப்பிடுற ஆளு இந்தத் தாலுகாவுலயே நீ ஒருத்திதான்" என்றார் நாகநாதன்.

"ஆறு ஏக்கரையும் நானே சாப்பிடணும்னா நட்டீங்க?"

காலையில் வாய்க்கால் கரையில் நடந்தார். முதலில் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார். பிறகு பம்ப்செட் வரைக்கும். அக்டோபரில் எடை 90.800. நவம்பர் 4-ம் தேதி 89.200.

இது எதுவும் வெளியே தெரியாது. நாகநாதனுக்குத் தெரியும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் இளஞ்செழியனுக்குத் தெரியும், அவ்வளவுதான். மறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனி மாதத்தில் இளஞ்செழியனுக்கு நீடாமங்கலத்தில் ஒரு பெண் பேசி, முக்கால்வாசி முடிந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா ஊசி போட்டுக்கொள்கிறார் என்று தரகர் வாய்விட்டுவிட்டார். பெண் வீட்டார் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மாமியாருக்குப் பணிவிடை செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னதாகக் காதுக்கு வந்தது.

ஆவணியில் குடவாசலில் வேறு ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பூர்ணிமா, கூட்டுறவு வங்கியில் வேலை. அப்பா இறந்து ஆறு வருடம். அம்மா வள்ளியம்மை. மாமா ராஜ்குமார், பூம்புகாரில் டீசல் பங்க் வைத்திருப்பவர், அவர் சொல்தான் வீட்டில் முடிவு. லீவில் வந்திருந்த இளஞ்செழியனும் பூர்ணிமாவும் பேசிக்கொண்டார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. அந்த முதல் தடவை காபியும் பஜ்ஜியும்தான். அந்தப் பக்கத்து வழக்கம் அது. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் சாப்பாடு. அந்த வீட்டுச் சோற்றில் மாப்பிள்ளையின் அம்மா கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. நனைக்காமல் எழுந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கை நனைக்க நவம்பர் 11-ம் தேதி மதியம் என்று முடிவாயிற்று. "வந்ததும் இலை போட்டுடலாங்க" என்று போனில் சொன்னார் வள்ளியம்மை.

அன்று காலையிலிருந்து மழை. நாகநாதன் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு பன்னிரண்டே முக்காலுக்குக் குடவாசல் வந்து சேர்ந்தார். பிரகதீஸ்வரியின் பையில் இன்சுலின் பேனா, நீலக் கப், ஒரு பொட்டலம் சர்க்கரை, ஒரு டிபன் பாக்ஸ். பாக்ஸில் இரண்டு தோசையும் சுண்டலும். இலையில் கொஞ்சம் கொறித்துவிட்டு, குறைந்ததைத் திரும்பும் வழியில் இதில் சரிக்கட்டலாம் என்று நினைத்திருந்தார். அடுத்தவர் வீட்டில் ஊசி போட மறைவிடம் தேட முடியாது என்பதால், வாசலில் கார் நின்றதுமே போட்டுக்கொண்டு இறங்கினார்.

உள்ளே இலை போடவில்லை. ராஜ்குமார் வரவில்லை. மயிலாடுதுறை சாலையில் மரம் விழுந்து பஸ்கள் நின்றுவிட்டன. தாய்மாமன் இல்லாமல் பந்தி வைக்க முடியாது. வள்ளியம்மை காபி கொண்டுவந்தார். மூன்று மாதப் பழக்கத்தில் பிரகதீஸ்வரியின் வாய், "வேணாங்க" என்று சொல்லிவிட்டது. கேசரியையும் தொடவில்லை. வள்ளியம்மை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்றரை மணிக்கு பிரகதீஸ்வரியின் கை நடுங்கியது. நெற்றி வியர்த்தது. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"போனை கார்ல வச்சுட்டேன்" என்று எழுந்து, சுவரைப் பிடித்தபடி வெளியே போனார்.

காரின் பின் சீட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சர்க்கரையை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார். சில நிமிடத்தில் நடுக்கம் குறைந்தது. பாக்ஸைத் திறந்து தோசையைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் ராஜ்குமார் ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணனுக்குக் குடை பிடிக்க வள்ளியம்மை வாசலுக்கு வந்தார். கார்க் கண்ணாடிக்கு உள்ளே, வாய் நிறையத் தோசையோடு, மாப்பிள்ளையின் அம்மா இருப்பதை இருவரும் பார்த்தார்கள்.

பிரகதீஸ்வரி உள்ளே வந்தபோது இலை போட்டிருந்தது. ஆனால் பரிமாற யாரும் வரவில்லை. ராஜ்குமார் ஈரச் சட்டையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க தங்கச்சி காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு சமைச்சிருக்கு" என்றார். "பிடிக்கலைன்னா போன்லயே சொல்லியிருக்கலாங்க. சோத்தைக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல உக்காந்து சாப்பிடுறதெல்லாம் நான் எங்கயும் பார்த்ததில்லை."

நாகநாதன் முந்திக்கொண்டார். "அவளுக்கு இன்னைக்கு விரதங்க."

"கார்ல உக்காந்து தோசை சாப்பிடுறதா விரதம்?"

பிரகதீஸ்வரி பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார்.

"எனக்குப் பதினாலு வருஷமா சுகருங்க. பிரஷரும் இருக்கு. வயித்துல குடல் இறங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும். எடை குறைஞ்சாத்தான் பண்ணுவாங்க. வந்ததும் சாப்பாடுன்னு நினைச்சு கார்லயே ஊசி போட்டுக்கிட்டேன். நேரமாயிடுச்சு, தலை சுத்திடுச்சு. சுகர்க்காரி சர்க்கரையை அள்ளிக் கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க அதைப் பார்க்கலை, தோசையைத்தான் பார்த்தீங்க."

"இதை ஏங்க முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார் வள்ளியம்மை.

"சொன்னா, மாமியாரைப் பார்த்துக்க ஆளு தேடுறாங்கன்னு நினைப்பீங்க."

வள்ளியம்மை சற்று யோசித்தார். "நினைச்சிருப்பேந்தான்" என்றார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த பூர்ணிமா முதன்முறையாகப் பேசினாள்.

"இன்னும் எவ்வளவு குறையணுங்க?"

"மூணு கிலோ இருநூறு கிராம்."

"எப்பக்குள்ள?"

"டிசம்பர் பதினெட்டு."

"சரி, இப்ப இலையில எது வைக்கலாம், எது வேணாம்?"

பிரகதீஸ்வரி நீலக் கப்பை எடுத்தார். வள்ளியம்மை அதை அவர் கையிலிருந்து வாங்கி, பாத்திரத்தில் முக்கி, விரலால் தலை தட்டி, ஒரு கப் சோற்றை இலையில் கவிழ்த்தார். "ஏற்கெனவே தோசை உள்ள போயிருக்கே, பாதியா வைக்கவா?" என்று கேட்டார். அதில் குத்தல் இருந்ததா என்று நாகநாதனுக்குத் தெரியவில்லை.

"பாதி போதுங்க."

பாதியை எடுத்தார். வாழைப்பூக் கூட்டும் அவரைக்காயும் நிறைய வைத்தார். பிரகதீஸ்வரி சாம்பார் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பாயசம் வந்தபோது கையை மறித்தார், யாரும் வற்புறுத்தவில்லை.

புறப்படும்போது வள்ளியம்மை சொன்னார்: "ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். அப்புறம் தேதி பேசலாம்."

கார் குடவாசலைத் தாண்டியதும் நாகநாதன் கேட்டார். "சம்மதங்கிறாங்களா, இல்லைங்கிறாங்களா? ஒண்ணும் புரியலையே."

"கை நனைச்சாச்சுல்ல."

"அரைக் கப்பு."

"அரைக் கப்பும் சோறுதான்."

மறுநாள் பிரகதீஸ்வரி தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். எடை குறைந்ததால் பழைய அளவு ஊசி அதிகமாகிவிட்டது என்று மருத்துவர் இன்சுலினை ஆறு யூனிட் குறைத்தார்.

அடுத்த ஞாயிறு வள்ளியம்மை போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. "எவ்வளவுங்க?" என்றார்.

"எண்பத்தெட்டு அறுநூறு."

"சரி, வாழைத்தண்டு குடுத்துவிடுறேன். இங்க நல்ல தண்டு வருது." மறுநாள் டவுன் பஸ் கண்டக்டர் வலங்கைமானில் ஒரு சாக்குக் கட்டை இறக்கிவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறு எண்பத்தேழு எழுநூறு. அதற்கடுத்த ஞாயிறும் எண்பத்தேழு எழுநூறு.

"என்னங்க, நின்னுடுச்சா?"

"மழைங்க. பத்து நாளா நடக்கவே முடியலை. வாய்க்கால் கரையெல்லாம் தண்ணி."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாகநாதன் சாயங்காலம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாவியை வாங்கி வந்தார். மார்கழி பிறக்க இருந்தது. மண்டபம் காலியாகத்தான் கிடந்தது. அடுக்கி வைத்த நாற்காலிகளைச் சுற்றிப் பிரகதீஸ்வரி காலையில் நாற்பது சுற்று, மாலையில் முப்பது சுற்று நடந்தார். நாகநாதன் மணமேடையின் விளிம்பில் உட்கார்ந்து எண்ணினார். ஒரு நாள் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தைந்துக்குத் தாவினார்.

"எண்ணத் தெரியலையா, பாவம்னு பார்க்குறீங்களா?"

"பசிக்குது."

"அப்ப நீங்களும் எந்திரிச்சு நடங்க. நேரம் போகும்."

அவர் எழுந்து நடந்தார். அன்றிலிருந்து எண்ணிக்கை தவறவில்லை.

டிசம்பர் 18, புதன்கிழமை. வள்ளியம்மை குடவாசலிலிருந்து பஸ் பிடித்து, மருத்துவமனைக்கு அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எடை பார்க்கும் இடத்தில் பிரகதீஸ்வரி செருப்பைக் கழற்றினார். வளையல்களையும் சங்கிலியையும் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

"இதெல்லாம் அஞ்சு பவுன்கூட இருக்காது. இதைக் கழட்டி என்ன ஆகப் போகுது?" என்றார் வள்ளியம்மை.

"இருக்கட்டுங்க. பிடிங்க."

செவிலியர் பெல்ட்டையும் கழற்றச் சொன்னார். 85 கிலோ 900 கிராம். மூன்று மாதச் சர்க்கரை 7.5.

ஆஷிகா கீழ்த்தளத்தில் அந்த எண்களைப் படிவத்தில் எழுதிவிட்டு, "கூட வந்தவங்க யாரும்மா?" என்று கேட்டாள்.

"சம்மந்தி" என்றார் வள்ளியம்மை.

கிளம்புவதற்கு முன் வள்ளியம்மையும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். முடிவு என்ன என்று நாகநாதன் இரண்டு முறை கேட்டார். அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் போனில், அந்த நீலக் கப் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார்.

2025 ஜனவரி 8 அன்று காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை தொடங்கி ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. ஐந்தாம் நாள் பிரகதீஸ்வரி வீட்டுக்கு வந்தார். ஏப்ரல் 30-ம் தேதி கும்பகோணத்தில் இளஞ்செழியனுக்கும் பூர்ணிமாவுக்கும் திருமணம் நடந்தது. அன்று காலை பிரகதீஸ்வரியின் எடை 83 கிலோ 100 கிராம். மதிய முதல் பந்தி பன்னிரண்டு மணிக்கே போடப்பட்டது. சம்மந்திகள் இருவரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.