பத்தொன்பது கடிதங்கள்

காலை ஆறு மணிக்கு முதல் ட்ரிப் வேன் மயிலம் மலையடிவாரத்தில் வந்து நின்றால் பாஞ்சாலியின் கைகளுக்கு வேலை ஆரம்பம். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் படி எட்டாது. ஒவ்வொன்றையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, சீட்டில் உட்கார வைத்து, முதுகுப் பையைக் கழற்றி மடியில் வைக்க வேண்டும். முதல் ட்ரிப்பில் இருபத்தெட்டு பிள்ளைகள், இரண்டாவதில் முப்பத்தொன்று. வழியில் ஏதாவது ஒன்று குடித்த பாலைக் கக்கும். அதன் மேல் மண்ணைத் தூவி, பழைய பேப்பரால் வழித்தெடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் மறுபடி கையை நீட்டுவாள். பள்ளிக்கூடம் வந்தபிறகு பதினோரு வகுப்பறைகளைப் பெருக்கி, கக்கூஸில் பினாயில் ஊற்றித் தேய்த்து, தண்ணீர் ட்ரம்மை நிரப்பி முடிக்கையில் முதல் மணி அடிக்கும். பதினான்கு வருடமாக இதே கைகள்தான் தூக்கிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆயா என்று பெயர்.

அதே வேனில் வருகைப் பதிவு நோட்டுடன் நின்றுகொண்டு வருபவள் சகாய பிரியா, கணக்கு டீச்சர். உட்கார இடமிருக்காது. இன்ஜினியரிங் படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், திண்டிவனம் சாலையில் இருக்கும் இந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் பதினோராயிரம் ரூபாய்க்குப் பாடம் எடுக்க வந்து ஆறு வருடம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கித் தாளாளர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எந்த டீச்சரும் பாதியில் ஓடிவிடக் கூடாது என்பதற்கு அந்தப் பக்கத்துப் பள்ளிகள் கண்டுபிடித்த வழி அது.

அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. ஆயாக்களும் வேன் டிரைவர்களும் வாட்ச்மேன்களும் எதை எழுத வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க மனு, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு மனு, காய்ச்சலுக்கு லீவு லெட்டர். எழுதியதை யாரும் படிக்கச் சொன்னதில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார்கள், அவள் விரல் வைத்துக் காட்டுவாள். வருடா வருடம் பங்குனியில் இவர்கள் பத்தொன்பது பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய எழுத்து வேலை இருந்தது. ஏப்ரலோடு எல்லோரையும் நிறுத்திவிட்டு ஜூனில் புதிதாக எடுப்பதுபோலக் காட்டுவது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். அதற்காக, 'வரும் கல்வியாண்டிலும் பணியில் தொடர அனுமதி வேண்டி' என்று ஆளுக்கொரு கடிதம் கொடுக்க வேண்டும். அதையும் அவள்தான் எழுதுவாள்.

இந்த வருடப் பங்குனியில் தாளாளர் திருமுருகன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். அரிசி ஆலை, கல்யாண மண்டபம், அப்புறம்தான் பள்ளிக்கூடம் என்று இருப்பவர். குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"பேங்க்லேர்ந்து ஆபீஸ் நம்பருக்கே போன் பண்றாங்கம்மா. போன வாரம் மூணு தடவ. நான்தான் வேற யாரும் எடுக்காம பாத்துக்கினேன். ஸ்டாஃப் ரூம்ல தெரிஞ்சா உனுக்குத்தான அசிங்கம்."

சகாய பிரியா டீயை மேசையில் வைத்துவிட்டாள். படிக்க வாங்கிய மூன்று லட்சம் வட்டியோடு ஐந்தரையைத் தொட்டிருந்தது. வசூலுக்கு வரும் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து ஊர் ஜனம் திரும்புகிற நேரமாகப் பார்த்து வாசலில் பைக்கை நிறுத்தி, "தொம்மை வூடு இதானே? இன்ஜினியர் பொண்ணு கடன்" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அவளுடைய அப்பா தொம்மை, காலைப் பூசைக்குப் போவதை விட்டுவிட்டார். சாயங்காலப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, முடியும் முன்பே எழுந்து வந்துவிடுகிறார். மகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தாளாளர் விஷயத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார். ரோட்டோரத்து மூன்று ஏக்கரை குடோன் கட்ட ஒருவர் கேட்கிறார். இப்போதைக்கு வெளியே தெரிய வேண்டாம். ஆயா, டிரைவர், வாட்ச்மேன் பத்தொன்பது பேரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் பின்னால் பேஜார் இருக்காது. மாதிரியைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்.'

"இன்னான்னு சொல்லி வாங்கறது சார்?"

"வருஷா வருஷம் இன்னா சொல்லுவியோ அதையே சொல்லு. நீ எழுதினா எவன் படிச்சுப் பாக்கறான்? வெள்ளிக்கிழம குடுத்துடு, அன்னிக்கு சாயங்காலமே உன் சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போ. கோட்டக்குப்பத்துல ஒரு ஸ்கூல் பிரின்சிபால் நமக்கு வேண்டியவர்தான், நானே சொல்றேன்."

முடியாது என்று சொல்ல நேரமில்லாமல் போகவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று முழு நாட்கள் இருந்தன. மூன்று நாளும் அவள் எழுதினாள். ஒரு கடிதத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். பாஞ்சாலி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க டீச்சர்?" என்றாள். சகாய பிரியா விரல் வைத்துக் காட்டினாள். பாஞ்சாலி எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள். போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு கை அள்ளி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த மல்லாட்டையைச் சகாய பிரியா தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. அன்று சாயங்காலம் சான்றிதழ்கள் கைக்கு வந்தன.

ஏப்ரல் கடைசியில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மற்ற டீச்சர்கள் ஆளாளுக்குச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கழன்றுகொண்டார்கள். பத்தொன்பது பேர் மட்டும் தாளாளர் அறை முன்னால் நின்றார்கள். நழுவ முடியாமல் சகாய பிரியாவும் நின்றாள். வேன் டிரைவர் விருத்தாசலம்தான் பேச்சைத் தொடங்கினார். இருபது வருடச் சர்வீஸ் அவருக்கு.

"திடீர்னு மூடினா நாங்க எங்க சார் போறது? பணிக்கொடைன்னு ஒண்ணு இருக்குதாமே, அது இன்னா ஆச்சு?"

"நீங்கதான போறேன்னு எழுதிக் குடுத்தீங்க விருத்தாசலம். எல்லாம் வாங்கிக்கினேன்னும் எழுதியிருக்குது. நானா போகச் சொன்னேன்?"

"நாங்க எழுதினது ஜூன் மாச வேலைக்கு."

"கையெழுத்து உன்னுதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

பாஞ்சாலிதான் விட்டுக்கொடுக்கவில்லை. "டீச்சர் எழுதினத எடுத்துட்டு வேற எதையோ வச்சிருக்காங்க. டீச்சர் அப்டி எழுதற ஆளு இல்ல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். சகாய பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. அவள் சொல்லவில்லை.

விருத்தாசலம் போய்த் திண்டிவனத்தில் இருந்த பள்ளிப் பணியாளர் சங்கத்தைக் கண்டுபிடித்தார். சைக்கிள் கடை மாடியில் ஒரே அறை, ஆறு நாற்காலி. சங்கச் செயலாளர் ஜெயம் ஒரு காலத்தில் டீச்சராக இருந்து, சம்பளம் கேட்டதற்காக வேலை போனவர். பத்தொன்பது பேரும் சகாய பிரியாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். விழுப்புரத்தில் தொழிலாளர் அதிகாரியிடம் மனு போடலாம், பணிக்கொடையைக் கேட்கலாம், தனியாகப் போனால் நடக்காது, எல்லோரும் வர வேண்டும் என்றார். பிறகு சகாய பிரியாவைப் பார்த்து, கல்விக் கடன் இருக்கிறதா என்று விசாரித்தார். அவள் இருக்கிறதென்று தலையசைத்தாள். சங்கத்தில் பதினோரு டீச்சர்களுக்கு அதே தொல்லை, சேர்ந்துபோய் வங்கியில் தவணை கேட்கப் போகிறோம், வசூலுக்கு ஆள் அனுப்புவதைப் போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம் என்றார். பாஞ்சாலி உடனே, "டீச்சர் பேரையும் சேத்துக்கோங்கம்மா. எங்களுக்கு எவ்ளோ எழுதிக் குடுத்துது" என்றாள்.

வீட்டுக்கு வந்து சகாய பிரியா அழுதாள். தன்னைத் திட்ட ஒருத்தராவது இருந்திருக்கலாம். நம்புகிறவர்களின் நடுவில் நிற்பது இப்படி உடம்பெல்லாம் கூசும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

விழுப்புரத்துக்கு ஒரு திங்கட்கிழமை எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அதிகாரியின் மேசையில் தாளாளரின் வக்கீல் பத்தொன்பது கடிதங்களையும் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொருவரும் மனமுவந்து, கைப்பட எழுதிக் கொடுத்தது என்றார். அதிகாரி ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மூன்றாவதைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே. யார் எழுதினது?"

"டீச்சர் எழுதினத மாத்திட்டாங்கய்யா" என்றாள் பாஞ்சாலி. "இது டீச்சர் எழுத்து இல்ல. கேட்டுப் பாருங்க."

அறையில் எல்லோரும் சகாய பிரியாவைப் பார்த்தார்கள். திருமுருகனும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. நம்மவள்தானே என்கிற நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"என் எழுத்துதான் சார். பத்தொன்பதையும் நான்தான் எழுதினேன். ஜூன் மாச வேலைக்குன்னு பொய் சொல்லி கையெழுத்து வாங்கினேன். அவங்க யாருக்கும் இதுல இன்னா இருக்குதுன்னு தெரியாது. கடனுக்கு பேங்க்லேர்ந்து ஸ்கூலுக்கே போன் வருது, எழுதிக் குடுத்தா சர்டிபிகேட் தர்றேன்னு கரஸ்பாண்டெண்ட் சொன்னாரு. தந்துட்டாரு."

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அப்படியானால் மோசடி செய்தது இந்தப் பெண்தான், வழக்குப் போடுவோம் என்றார். திருமுருகன் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். கோட்டக்குப்பம் வேலையை மறந்துவிடச் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடிதம் கொடுத்த சூழ்நிலையைப் பற்றி ஒவ்வொருவரும் தனித்தனியே வாக்குமூலம் எழுதி மாலைக்குள் தர வேண்டும், பதினெட்டாம் தேதி மறு விசாரணை என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். விருத்தாசலம் காறித் துப்பிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். ஆயாக்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார்கள். சகாய பிரியா படிக்கட்டின் ஓரத்தில் தனியே நின்றாள். ஓடிவிடலாம் என்று தோன்றியது, பஸ் நிலையம் பக்கம்தான். ஜெயம் ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு வந்து, யார் எழுதுவது என்று பொதுவாகக் கேட்டார். தன் ஒரு கையால் சாயங்காலத்துக்குள் பத்தொன்பது எழுத முடியாது என்றார்.

கடைசியில் பாஞ்சாலி எழுந்து வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. தாளை ஜெயத்திடமிருந்து வாங்கிச் சகாய பிரியாவின் கையில் திணித்தாள்.

"எழுது. ஒவ்வொரு வரியும் எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு. நான் சரின்னு சொன்னாத்தான் அடுத்த வரி."

ஆறு வருடத்தில் பாஞ்சாலி அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சகாய பிரியா படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு வரி எழுதிப் படித்தாள். பாஞ்சாலி தலையசைத்தாள். 'கடிதத்தின் விவரம் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதிப் படித்தபோது பாஞ்சாலி கையை நீட்டித் தடுத்தாள்.

"யாரு தெரிவிக்கல? உன் பேரைப் போடு."

சகாய பிரியா தன் பெயரை எழுதினாள். பாஞ்சாலி அருகில் உட்கார்ந்துகொண்டாள். "பேங்க்காரன் போன் பண்ணத எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா சிரிச்சிருப்பனா? எம் பொண்ணு நர்சிங் படிக்க வாங்கின கடனுக்கு எங்க வூட்டுக்கும்தான் வர்றானுங்க. வெக்கத்துல நானும் யாருகிட்டயும் சொல்லல" என்றாள். கோபம் குறையாமலேதான் சொன்னாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார்கள். விருத்தாசலம் கடைசியில் வந்தார். தானே தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தபிறகே கையெழுத்துப் போட்டார். மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

இருபதாவது வாக்குமூலம் அவளுடையது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனாள்.

"அதையும் படி" என்றார் விருத்தாசலம். "எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் எழுந்து நின்று படித்தாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை என்பது வரை தடையில்லாமல் போனது. 'என்னை நம்பியவர்களிடம்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். தாளைத் தாழ்த்தினாள்.

"நிறுத்தாத, படி" என்றாள் பாஞ்சாலி.

முழுவதையும் படித்தாள். ஜெயம், இதற்கு மட்டும் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும், நாளைக்கு இவள் மேல் வழக்கென்று வந்தால் சாட்சி போட்டவர்களையும் கூப்பிடுவார்கள், யோசித்துப் போடுங்கள் என்றார். பாஞ்சாலி யோசிக்கவில்லை, பேனாவை வாங்கிக்கொண்டாள். பினாயிலில் வெந்து வெளுத்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது இடம் காலியாகக் கிடந்தது. விருத்தாசலம் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன்ன இன்னும் மன்னிக்கல" என்றார். "அது வேற. எங்க போடணும், காட்டு."