நோராவின் அறை

அஜந்தாவின் மகள் யதுர்ஷா ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ட்வெய்ட்டா என்ற புறநகரின் முதியோர் இல்லமொன்றில் வேலையில் நின்ற அஜந்தா, செய்தி கேட்டு வேலை உடுப்போடேயே ஓடினாள்.

மகள் தாழ்வாரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புத்தகப்பை நிலத்தில் கொட்டப்பட்டுக் கிடந்தது. கொப்பிகள், பிரிக்காத சாப்பாட்டுப் பொதி, நாப்கின்கள். பள்ளியில் பணிக்கு நிறுத்தப்பட்ட பொலிஸ்காரர் கையுறை போட்டு அவற்றைத் திரும்பவும் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பிள்ளைகளில் சிலர் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

"போதை ஏதும் எடுத்தாளோ என்று பார்க்க வேண்டியிருந்தது," என்றார் சிரித்தபடி. "ஒன்றுமில்லை. நல்ல செய்தி."

அஜந்தா அவரை விலத்திக்கொண்டு போய் மகளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"நேர்ஸ் எங்கை?" என்று மகளிடம் கேட்டாள்.

"நோரா இப்ப வியாழன் மட்டும்தான் அம்மா. அவவின்ர அறையிலைதான் பொலிஸ் இருக்கினம்."

அது அஜந்தாவுக்குத் தெரியும். வசந்தகாலத்தில் ரயிலடியில் பள்ளிப் பெடியள் தங்களுக்குள் அடிபட்ட பிறகு, இருக்கிற அரசுப் பணம் நேர்ஸுக்கா பொலிஸுக்கா என்று பெற்றோர் குழுவிடம் கேட்டார்கள். பொலிஸுக்கு முதலில் கை உயர்த்தியவள் அவள்தான். மற்றத் தாய்மாருக்கும் போன் அடித்துச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

காரில் வரும்போது மகள் மெல்லச் சொன்னாள். வகுப்பில் அவளுடைய உடம்பைப் பற்றிக் கேலி. ஒரு வருடமாக நோராவிடம் போய்க் கதைத்து வந்திருக்கிறாள்.

"ஏன் சாப்பிடேல்லை எண்டு அவ மட்டும்தான் கேட்டவ."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நீங்கள் சோதனை மார்க்ஸைத்தானே கேப்பீங்கள்."

நவம்பரில், அந்தப் பணத்தைப் பொலிஸுக்கே இன்னொரு வருடத்துக்கு நீடிக்கக் கூட்டம் நடந்தது. கோப்பியும் பணிசும் பரிமாறினார்கள். அதிபர் யூலியா, இந்தப் பருவத்தில் ஒரு சண்டையும் இல்லை என்று வாசித்தார். அஜந்தா எழும்பி, பை கொட்டப்பட்டதைச் சொன்னாள். தான் கை உயர்த்தியது பிழை என்றும் சொன்னாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்த தர்மலிங்கம் அவளுடைய கையைத் தொட்டார். அவருடைய மகனும் அதே வகுப்பு.

"இருங்கோ தங்கச்சி. பிள்ளை ஏதோ எடுத்தவ எண்டெல்லோ சனம் நினைக்கும். எங்கட ஆக்களின்ர பேரும் கெட்டுப்போகும்."

பணிசை மென்றபடியே சொன்னார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் தொட்ட இடத்தைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

எதிர்த்து இரண்டு கைகள்தான் உயர்ந்தன. அவளுடையது ஒன்று, பின்வரிசைச் சோமாலியத் தாயுடையது மற்றது. மனம் திறந்து பேசியதற்கு யூலியா நன்றி சொன்னார். கூட்டக் குறிப்பில், ஒரு பெற்றோரின் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரே வரி இருந்தது. அதை வாசித்தபோது அவர்களைவிடத் தன்மீதே அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமைகளில் பள்ளி முழுவதும் நோராவிடம் வரிசையில் நின்றதால் யதுர்ஷாவுக்கு முறை கிடைக்கவில்லை. மற்ற நாட்களில் நோரா எங்கே வேலை செய்கிறாள் என்று அஜந்தா விசாரித்தாள். பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் ஒரு இளையோர் சுகாதார நிலையம். வெளியூர்ப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்றார்கள். மூன்று தரம் போன் அடித்த பிறகு நோராவே எடுத்து, கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

இப்போது புதன்கிழமைகளில் அஜந்தா வேலையை மாற்றிக்கொண்டு மகளோடு ரயிலில் போகிறாள். வாசலில் காத்திருக்கிறாள். உள்ளே என்ன கதைத்தாய் என்று கேட்பதில்லை.