பிசிறு

தையல்காரர் தொட்டிப் பனையின் காய்ந்த நுனிகளை வெட்டிய அன்று, அவருடைய ஒரே மகள் இரண்டு விரற்கடை குட்டையானாள். பனை வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விற்றவர், மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்; நுனி பழுப்பானால் என்ன செய்வதென்று சொல்லவில்லை. தையல்காரருக்கோ பிசிறு தொங்கினால் கை சும்மா இருக்காது. துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே ஓலை ஓலையாக நறுக்கினார். ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

மாலையில் மனைவி, "ஏங்க, இவ பாவாடை தரையைக் கூட்டுது. அளவுல கோட்டை விட்டுட்டீங்களா?" என்றாள். "என் கை தப்பினா சூரியன் மேற்கே உதிக்கும்" என்றவர் விளிம்பை மடித்துத் தைத்தார். வளர்கிற பிள்ளைக்கு மடிப்பைப் பிரித்துவிட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அடுத்த வாரமும் நறுக்கினார், அடுத்த வாரமும் மடித்தார். வாசல் தாழ்ப்பாள் எட்டவில்லை என்று மகள் அழுதபோதுதான் அவர் பனையைத் திரும்பிப் பார்த்தார். குப்பைக்கூடையில் கிடந்த ஓலை நறுக்குகளைப் பொறுக்கி, நூல் கோத்து, பழைய இடத்திலேயே தைத்துப் பார்த்தார். மகள் வளரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. தண்ணீர் கூடினால் வேர் அழுகிவிடுமோ, குறைந்தால் வாடிவிடுமோ என்று அம்மா தொட்டியருகிலேயே பாயை விரித்தாள். ஓர் ஓலை மஞ்சளித்தால் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிசிறை வெட்டச் சொன்ன விருந்தாளிகள் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். குருத்து விரிந்த நாட்களில் மகள் வளர்ந்தாள்; தையல்காரர் அழுதுகொண்டே மடிப்பைப் பிரித்தார். வருடங்கள் ஓடின. பனை கூரையை முட்டியபோது கொத்தனாரை அழைத்துக் கூரையை உடைத்தார்கள். அவரை வைத்தே மகளுக்காக நிலைவாசலையும் உயர்த்தினார்கள். தையல்காரர் இன்றும் கத்தரிக்கோலைப் பெட்டியில் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறார். தன் கையை அவர் நம்புவதில்லை.

மழை வந்தால் உடைத்த கூரை வழியாக வீட்டுக்குள்ளேயே பெய்கிறது. முதல் மழைக்குத் தையல்காரர் தார்ப்பாயைத் தேடி ஓடினார்.

"விடுங்க, நனையட்டும்" என்று தொட்டியருகே விரித்திருந்த தன் பாயைச் சுருட்டினாள் மனைவி. "பிள்ளைக்குத் தாகமா இருக்கும்."